குஷிலோகத்தை மேம்படுத்துதல்

மே 2

இன்று குஷிலோகம் என்ற பொழுதுபோக்குப் பூங்காவில் வேலைக்குச் சேர்ந்தேன். பதவியின் பெயர் டெவலப்மென்ட் மேனேஜர். எனக்குக் கீழே யாரும் இல்லை. மேலே முதலாளி மட்டும்.

வாசலில் சுதந்திர தேவி சிலை. கையில் தீப்பந்தத்துக்குப் பதில் கோன் ஐஸ். முகம் முதலாளியின் மனைவி சாயல். கொத்தனார் ஆசைப்பட்டு அப்படிச் செய்தாரா, பயந்து செய்தாரா என்று தெரியவில்லை. உள்ளே நுழைந்தால் வால் உடைந்த டைனோசர். அதன் வயிற்றில் "இங்கு சிறுநீர் கழிக்காதீர்". கழித்திருக்கிறார்கள்.

முதலாளி லிங்கத்துரை. பனகுடியிலும் வள்ளியூரிலும் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். எல்லோருக்கும் அண்ணாச்சி. குடம் விற்றுச் சம்பாதித்ததை, காற்றாலைகளுக்கு நடுவே பொட்டல் காட்டை வாங்கி ராட்டினம் நட்டுக் கரைத்துக்கொண்டிருக்கிறார்.

"எம்மா இஞ்சினியரு, இந்த எடத்த நீங்கதான் தூக்கி நிறுத்தணும்."

"என்ன செய்யணும் அண்ணாச்சி?"

"கூட்டம் வரணும். வந்தவன் மறுபடி வரணும். அம்புட்டுதான்."

அம்புட்டுதான். கல்லூரி நாளிலிருந்து ரைடு வரைந்துகொண்டிருக்கிறேன். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கெல்லாம் அனுப்பினேன். பதில் போட்ட ஒரே கம்பெனி நன்றி சொல்லியிருந்தது. எதற்கென்று சொல்லவில்லை. பிறகு சென்னையில் லிஃப்ட் கம்பெனி. மேலே போகும், கீழே வரும், வேறெதுவும் செய்யாத இரும்புப் பெட்டிகள். அந்தக் கிளையையும் மூடினார்கள். இப்போது வள்ளியூரில் அம்மா வீடு, குஷிலோகம். பிரிசில்லா என்கிற என் முன்னேற்றம் இப்படி.

மே 4

அம்மா கட்டிக்கொடுத்த தயிர்ச்சோறு வெயிலில் புளித்துவிட்டது. சாப்பிடாமல் கொட்டினேன்.

கொலம்பஸ் கப்பல் ஓட்டும் சொர்ணம் பூங்காவைச் சுற்றிக் காட்டினாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். ஒரு கையால் கப்பலை ஆட்டிக்கொண்டே மறு கையில் போனில் சீரியல் பார்க்கிறாள். கப்பலில் இருப்பவர்கள் கத்தினால், "சத்தம் போடாதீய, வசனம் கேக்கல" என்கிறாள்.

பேய் வீட்டில் பேய் உறங்கிக்கொண்டிருந்தது. தட்டி எழுப்பினேன். "டிபன் வந்துட்டா?" என்றது.

டிராகன் ரயிலின் ஒரு சக்கரம் தண்டவாளத்தைத் தொடுவதே இல்லை. ராட்டினத்தில் நட்டு கழன்ற இடங்களில் கட்டுக்கம்பி. ஜனங்கள் இதில்தான் பிள்ளைகளை ஏற்றிவிட்டு, கீழே நின்று டாட்டா காட்டுகிறார்கள்.

"கொலம்பஸ்ல ஏறிப் பாக்குதியளா மேடம்?" என்றாள் சொர்ணம்.

"மத்தியானம் மீன்குழம்பு சாப்பிட்டேன். குமட்டும்" என்றேன்.

மே 10

கட்டுக்கம்பிகளை எல்லாம் வெட்டி எறிந்து நட்டு மாட்ட வைத்தேன். டிராகனைப் பழுதுபார்க்கும்வரை மூடி வைத்தேன். பேய் உறங்கக் கூடாது என்று எழுத்தில் ஆணை. பேய் யூனியன் வைக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறது.

புது ரைடு எதுவானாலும், பழுதுபார்த்த ரைடு எதுவானாலும், முதல் சுற்றில் இஞ்சினியர்தான் ஏற வேண்டும் என்று எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னேன். உலகம் முழுக்க அதுதான் முறை. இன்று டிராகன் தயாரானது. நானே ஏறியிருப்பேன். ஆனால் சேலை கட்டியிருந்தேன். பேயை ஏற்றினோம்.

மே 13

அண்ணாச்சியிடம் என் 'கணவாய்' ரைடின் வரைபடத்தைக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது.

பூங்காவுக்குப் பின்னால் ஒரு பாறைக்குன்று இருக்கிறது. அதன் உச்சியில் ரைடு தொடங்கும். தண்டவாளம் தலைக்கு மேலே, இருக்கைகள் அதில் தொங்கும், கால்கள் வெளியில். குன்றின் சரிவோடு கீழே பாய்ந்து, ஒரு திருப்பத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பார்த்து முகம் திரும்பும். மேற்கிலிருந்து வரும் காற்று அங்கேதான் நேராக நெஞ்சில் அடிக்கும். அந்த ஒரு நொடியில் கீழே போகிறோமா, மேலே எழும்புகிறோமா என்று உடம்புக்குத் தெரியாது. பறவைக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பத்து வருடமாக அந்த ஒரு திருப்பத்தை மட்டும் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறேன்.

அண்ணாச்சி தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "நல்லாருக்கு. செல்ஃபி எடுக்க எங்கம்மா நிக்கணும்?"

"ஓடும்போது செல்ஃபி எடுக்க முடியாது அண்ணாச்சி."

"பொறவு ஏறுனவன் ஏறுனான்னு எப்படித் தெரியும்?"

மே 20

டைனோசருக்கு வால் ஒட்டினோம். கோணல்.

மே 28

மூன்று லாரிகளில் இரும்பு வந்து இறங்கியிருக்கிறது. வடக்கே ஏதோ பொருட்காட்சியில் ஓடி ஓய்ந்த கோபுர ஊஞ்சல். நடுவில் உயரமான கோபுரம். சங்கிலிகளில் நாற்காலிகள் தொங்கும் ஒரு வளையம் அதைச் சுற்றிக்கொண்டே உச்சிக்கு ஏறும். என்னிடம் கேட்காமல் வாங்கிவிட்டார். பெயரும் வைத்துவிட்டார்: ஆகாச ஊஞ்சல்.

"அண்ணாச்சி, இங்க ஆனி ஆடியில காத்து எப்படி அடிக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? சுத்தி இத்தன காத்தாடி எதுக்கு நிக்குன்னு நெனச்சிய?"

"காத்தாடி சுத்துது, ஊஞ்சலும் சுத்தட்டுமே."

இந்த மனிதரிடம் வாதாடுவதற்குப் பதில் டைனோசரிடம் பேசலாம்.

ஜூன் 7

ஆகாச ஊஞ்சல் திறப்பு விழா. ஒவ்வொரு சங்கிலியையும் பற்றவைப்பையும் நானே சோதித்துவிட்டேன். பாதிச் சங்கிலியை மாற்ற வைத்தேன். அண்ணாச்சி தேங்காய் உடைத்து, "இஞ்சினியரம்மா மொதல்ல ஏறுங்க" என்றார். கீழிருந்து ஒருவர் கவனித்தால்தான் குறைகள் தெரியும் என்று விளக்கினேன். பேயை ஏற்றினோம். இந்தப் பூங்காவில் எல்லாவற்றிலும் ஏறியது அது ஒன்றுதான்.

இதை ஓட்டுவதற்குச் சொர்ணத்தைப் போட்டிருக்கிறேன். சீரியல் கூடாது என்று சொல்லிவிட்டேன். "விளம்பர இடைவேளையில ஓட்டுதேன்" என்றாள். தமாஷாம்.

ஜூன் 12

காற்று தொடங்கிவிட்டது. காற்றின் வேகம் காட்டும் கருவி ஒன்று வாங்கிக் கோபுரத்தில் மாட்டினேன். மணிக்கு நாற்பது கிலோமீட்டரைத் தொட்டால் ஊஞ்சல் நிற்கும். இதில் பேச்சுக்கே இடமில்லை என்று சொர்ணத்திடமும் சொன்னேன், அண்ணாச்சியிடமும் சொன்னேன்.

"நாப்பத்தி ஒண்ணுன்னா?"

"நிக்கும்."

"கலெக்டரே வந்து உக்காந்திருந்தா?"

"கலெக்டரோட நிக்கும்."

ஜூன் 21

மத்தியானம் கல்யாணக் கூட்டம் ஒன்று வந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் மாலை கழற்றிய கையோடு, பட்டு உடுத்தியபடி ஊஞ்சலில் ஏறினார்கள். கூடவே சொந்தக்காரர்கள். காற்று அளவுக்குள்தான் இருந்தது. வளையம் உச்சிக்குப் போனதும் மின்சாரம் போனது. சுற்றுவது நின்றது. பிரேக் பிடித்துக்கொண்டது. அது நல்ல விஷயம். ஜெனரேட்டர் ஓடவில்லை. அதன் பேட்டரியை அண்ணாச்சியின் மருமகன் முந்தின நாள் தன் கல்யாண மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். யாரும் என்னிடம் சொல்லவில்லை.

காற்று ஏறிக்கொண்டே இருந்தது. நாற்காலிகள் ஒன்றோடொன்று முட்ட ஆரம்பித்தன. கீழே நின்ற சனம் ஒரே கூச்சல். அண்ணாச்சி மின்வாரியத்துக்குப் போன் போட்டு யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

கோபுரத்துக்குள் ஏணி உண்டு. ஏறினேன். உச்சியில் இழுவை எந்திரம், பக்கத்தில் அதன் பிரேக். லிஃப்ட் மாட்டிக்கொண்டால் செய்வதும் இதுதான். கைப்பிடியை மெல்லத் தளர்த்த வேண்டும், கொஞ்சம் இறங்கியதும் பிடிக்க வேண்டும், மறுபடி தளர்த்த வேண்டும். விட்டுவிட்டால் எல்லாம் ஒரே போக்காகப் போய்விடும். வளையம் எங்கே இருக்கிறது என்று உள்ளே இருக்கும் எனக்குத் தெரியாது. சொர்ணம் கீழிருந்து தொண்டை கிழியக் கத்திச் சொன்னாள்: "விடுங்க! நிப்பாட்டுங்க! இன்னும் விடுங்க!"

இடையிடையே கல்யாணப் பெண்ணின் குரலும் கேட்டது. "அழாதீங்க. எல்லாரும் பாக்காவ. இந்தா, என் கையப் புடிச்சிக்கிடுங்க." மாப்பிள்ளை அழுதுகொண்டிருந்தார்.

எல்லோரும் இறங்கிவிட்டார்கள். ஒருவருக்கும் காயமில்லை. ஒரு பெரியவர் மட்டும் இறங்கியதும் என்னிடம் வந்து, டிக்கெட்டுக்கு இன்னொரு சுற்று உண்டா என்று கேட்டார்.

"அவ்வளவு ஒசரத்துல பயமே இல்லையா மேடம்?" என்றாள் சொர்ணம்.

ஏணியில் என்ன பயம்? பிடிப்பதும் நான், விடுவதும் நான்.

"பொறவு ஏன் ஒரு ரைடுலயும் ஏற மாட்டங்கிய?"

வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 22

கையைத் தூக்க முடியவில்லை. அம்மா தைலம் தேய்த்துவிட்டு என்ன நடந்தது என்று கேட்டாள். பெட்டி தூக்கினேன் என்றேன்.

ஜூன் 25

மாப்பிள்ளை அழுததை யாரோ வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். தமிழ்நாடே பார்த்துவிட்டது. பூங்காவுக்குக் கூட்டம் வராது என்று நினைத்தேன். மனித இனத்தை நான் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. இன்று டிக்கெட் வரிசை ரோடு வரைக்கும் நின்றது. எல்லோரும் ஒரே கேள்வி: "அந்த மாட்டிக்கிடுற ஊஞ்சல் எது?"

அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். மேசையில் எனக்குப் பவண்டோ. இதற்கு முன் தண்ணீர்கூடத் தந்ததில்லை.

"ஒவ்வொரு சுத்துலயும் மேல போயி அஞ்சு நிமிசம் நிப்பாட்டி வைப்போம். கரண்டு போச்சுன்னு மைக்குல சொல்லுவோம். காத்து நல்லா அடிக்கும்போதுதான் அதுக்கு மவுசு. அதனால அந்த நாப்பதக் கொஞ்சம் தூக்கி அறுபதாக்கிருங்க. இன்சூரன்ஸ்காரன் இஞ்சினியர் கையெழுத்து இல்லாம விட மாட்டங்கான்."

நான் எழுந்துவிட்டேன். அப்போது அவர் நாற்காலி மெத்தைக்கு அடியிலிருந்து 'கணவாய்' வரைபடத்தை எடுத்தார். இந்த முறை நேராகப் பிடித்திருந்தார்.

"இந்த சீசன் நல்லா ஓடட்டும். பொங்கலுக்குள்ள இதக் கட்டிருவோம். பாறைய ஒடைக்க ஆள்கூடப் பாத்துட்டேன். ஒங்க பேரையே போடுவோம். பிரிசில்லா எக்ஸ்பிரஸ்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மறுப்பதற்குக்கூட ஒரு முறை இருக்கிறது அல்லவா.

ஜூன் 27

யோசித்துப் பார்த்தால் நாற்பது என்பது ரொம்பக் கறாரான கணக்கு. எந்த இஞ்சினியரும் கொஞ்சம் கூடுதல் எச்சரிக்கையாகத்தான் எண் வைப்பார். சங்கிலிகள் புதியவை. பற்றவைப்பு நன்றாகவே இருக்கிறது. அன்று காற்றில் நாற்காலிகள் முட்டினவே தவிர, ஒன்றும் உடையவில்லை.

அண்ணாச்சிக்குத் தொழில் தெரியும். பாத்திரக்கடைக்காரர் என்று இளக்காரமாக நினைத்தது என் குணக்கேடு. வாசல் சிலையைக்கூட இன்று கவனித்துப் பார்த்தேன். ஒரு அழகு இருக்கத்தான் செய்கிறது.

ஜூன் 30

அண்ணாச்சியோடு பாறைக்குன்றில் ஏறினேன். திருப்பம் வர வேண்டிய இடத்தில் கல் நட்டுச் சுண்ணாம்பு அடித்துவிட்டு வந்தோம். அங்கே நின்றால் காற்று ஆளைத் தள்ளுகிறது. நல்ல மனிதர். எனக்கு வெயில் படாமல் குடை பிடித்தார். குடை பறந்துவிட்டது. இருவரும் சிரித்தோம்.

நாளை கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 2

நேற்று கையெழுத்துப் போடவில்லை. பேனா இருந்தது. அறுபது பற்றி முதலில் சொர்ணத்திடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

இன்று காலையில் சொன்னேன். கேட்டுக்கொண்டே நகத்துக்குச் சாயம் பூசினாள்.

"நீங்க சரின்னா எனக்கும் சரி. நான் சம்பளத்துக்கு ஓட்டுதவ. ஆனா நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா போலீசு பட்டனை அமுக்குனவளத்தான் புடிக்கும், படம் வரஞ்சவங்களப் புடிக்காது. அதனால அறுபதுல மொத சுத்து நீங்க ஏறுங்க. நீங்க சொன்ன சட்டம்தான?"

"இன்னைக்கு முடியாது. எனக்கு..."

"மீன்குழம்பா?"

சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள். பேயும் நின்றது. ஏறினேன். வேறு வழி இருந்ததா?

சொர்ணம் கம்பியைச் சாத்தி, பெல்ட்டை இழுத்துக் கொக்கியை மாட்டினாள். அதன்பின் என் கைக்கு வேலையே இல்லை. கருவி ஐம்பத்தைந்து காட்டியது. வளையம் மேலே போனது. முதல் சுற்றில் ஒன்றுமில்லை. கோபுரத்தின் மேற்குப் பக்கம் வந்ததும் காற்று என் நாற்காலியைத் தூக்கி உள்ளே எறிந்தது. என் செருப்பு கோபுரத்து இரும்பில் உரசியது. ஊஞ்சலின் வரைபடத்தில் அந்த இடைவெளி ஒரு ஆள் நீளம் இருந்தது. அடுத்த சுற்றில் இன்னும் நெருங்கி வந்தது. என் கால் குட்டை. ஒரு உயரமான ஆளாக இருந்தால், காலை நீட்டிக்கொண்டிருந்தால் என்று நினைத்தேன்.

அப்போது ஊஞ்சல் நின்றது. அண்ணாச்சியின் ஐந்து நிமிடம். திட்டப்படி சொர்ணம் நிப்பாட்டினாள்.

நான் கத்தவில்லை. கத்தினேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அம்மாவைக் கூப்பிட்டேன் என்பதும் பொய்.

தொண்டை கட்டியிருக்கிறது. காற்றுதான் காரணம்.

ஜூலை 3

கையெழுத்துப் போட முடியாது என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். நாற்பதுகூட அதிகம், காற்றடிக்கும் இந்த இரண்டு மாதமும் ஊஞ்சலை அடியோடு நிறுத்த வேண்டும் என்றேன். ஒரு பிள்ளையின் கால் போகும் என்றேன்.

"நீங்க ஏறி எறங்கினிய. ஒங்க கால் இருக்குல்லா?"

"இருக்கு."

"பொறவு?"

"எனக்குக் குட்டைக் கால் அண்ணாச்சி."

அவர் 'கணவாய்' வரைபடத்தை எடுத்து மேசையில் வைத்தார். கோபப்படவில்லை, அதுதான் மோசம். "ஒங்க ரைடும் வேண்டாமா?"

குன்றில் அந்தத் திருப்பத்துக்கு அடித்த சுண்ணாம்பு ஜன்னல் வழியே தெரிந்தது.

"வேண்டாம்."

"நாளைலேர்ந்து வர வேண்டாம்மா."

வெளியே வந்து ஊஞ்சலின் மின்பெட்டியைப் பூட்டி, சாவியைச் சொர்ணத்திடம் கொடுத்தேன். அவள் வாங்கி ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு, "இங்கேர்ந்து எடுக்க அண்ணாச்சிக்குத் தைரியம் கெடையாது" என்றாள்.

ஜூலை 9

வீட்டில் இருக்கிறேன். அம்மா ரிட்டையர்டு டீச்சர். நான் எதைச் செய்தாலும் மார்க் போடுகிறாள். இன்று வெண்டைக்காய் வெட்டியதற்குப் பத்துக்கு நாலு.

சொர்ணம் போன் செய்தாள். அண்ணாச்சி பேயை ஊஞ்சல் ஓட்டச் சொன்னாராம். "எல்லாத்துலயும் ஏறியாச்சு அண்ணாச்சி, இதுல மட்டும் பட்டனைத் தொட மாட்டேன்" என்று பேய் வெள்ளைத் துணியோடு உட்கார்ந்துவிட்டதாம். இன்சூரன்ஸும் கிடைக்கவில்லை. ஊஞ்சல் நிற்கிறது. கூட்டம் குறைந்துவிட்டது.

"நீங்க இல்லாம திட்டுறதுக்கே ஆளில்ல மேடம். வெறிச்சுன்னு கெடக்கு."

எனக்கு ஒன்றும் வெறிச்சென்று இல்லை.

ஜூலை 18

அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தே பேசினார். "ஒங்க மகளுக்குத் தலக்கனம் ஜாஸ்தி டீச்சர்."

"எனக்குத் தெரியாதா? முறுக்கு எடுத்துக்கிடுங்க."

"நான் மூணு நாளு அந்த ஊஞ்சலுக்குக் கீழயே நின்னு பாத்தேன். ஆளில்லாத நாக்காலி எல்லாம் கோபுரத்துல போயி டங்கு டங்குன்னு அடிக்கி. என் பேரன் நெட்டைக்காலன்." முறுக்கைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "நர்சரி ஸ்கூலுகாரன் டூர் வாரான். குட்டிப் பிள்ளையளுக்கு ஏற ஒண்ணுமே இல்லை. காத்து அடிச்சாலும் நிப்பாட்ட வேண்டாத ஒண்ணு வேணும் டீச்சர். பெரிய ரைடு கட்ட இப்ப வழி கெடையாது, அதயும் சொல்லிருங்க."

பத்து வருடம் கணவாயை வரைந்தவளிடம் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு ராட்டினம் கேட்கிறார். சிரிப்புதான் வந்தது. அவர் தெருமுனை திரும்புவதற்குள் நான் பென்சிலை எடுத்துவிட்டதாக அம்மா சொல்கிறாள். வயதானால் கண் சரியாகத் தெரிவதில்லை.

ஜூலை 24

காற்றாலேயே சுற்றும் ராட்டினம். நடுவில் ஒரு தண்டு, மேலே துணிப்பாய்கள், கீழே தரையை ஒட்டி ஓடும் சின்னச் சின்னப் படகுகள். காற்று கூடக்கூடப் பாய்கள் தாமாகவே மடங்கிக்கொள்ளும். அதனால் எவ்வளவு புயலடித்தாலும் வேகம் ஒரே அளவுதான். மின்சாரம் வேண்டாம், ஜெனரேட்டர் வேண்டாம், மருமகனும் வேண்டாம். இதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. பாய் மடங்கும் கீல் மட்டும் கொஞ்சம் நன்றாக வந்திருக்கிறது. கொஞ்சம்தான்.

ஆகஸ்ட் 22

ராட்டினம் தயார். பாய்களுக்கு ரோஸ் கலர் வேண்டும் என்றார் அண்ணாச்சி. வெள்ளை என்றேன். ரோஸ் அடித்துவிட்டார்கள்.

சோதனைச் சுற்று. முதலில் இஞ்சினியர் ஏற வேண்டும். படகு அவ்வளவு சிறியது, முழங்கால் மோவாயில் இடித்தது. பெல்ட்டைச் சொர்ணம்தான் மாட்டினாள். சரியாக மாட்டினாளா என்று நான் பார்க்கவில்லை.

சுற்றியது.

ஆகஸ்ட் 29

நர்சரிப் பிள்ளைகள் வந்தார்கள். ஊதா நிறச் சீருடை, எல்லோர் கழுத்திலும் தண்ணீர் பாட்டில். நேற்றைவிடக் காற்று அதிகம். பாய்கள் மடங்கின, விரிந்தன, படகுகள் தங்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. பேய் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. அண்ணாச்சி எல்லோரிடமும், "நம்ம இஞ்சினியரம்மா சொந்தமா செஞ்சது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெயில் கண்ணில் அடித்தது.

இரட்டைச்சடை போட்ட ஒரு குட்டி இறங்கி வந்தது. பெயர் ஜெர்லின் என்று சட்டையில் குத்தியிருந்தது.

"எப்படி இருந்துது?" என்று கேட்டேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஸ்லோ. ரொம்ப ஸ்லோ. எங்க மாமா ஸ்கூட்டரே இதவிட வேகமாப் போவும்."

"அவ்வளவுதானா?"

"கலரும் நல்லால்ல."

இவ்வளவு சரியாக யாரும் என் வேலையைப் பற்றிச் சொன்னதில்லை. பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவள் வரிசையின் கடைசிக்கு ஓடிவிட்டாள். முன்னால் நின்ற பையனின் முதுகில் இரண்டு கையையும் வைத்து, "சீக்கிரம் போலே!" என்று தள்ளிக்கொண்டிருந்தாள்.